கோப்புப் பெயரில் தமிழும் பிறமொழி எழுத்துகளும்: எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது

கேள்வி: எங்கள் சிறு பதிப்பகத்தில் கட்டுரைகள், ஒலிப்பதிவுகள், கடிதங்களின் ஸ்கேன் பிரதிகள் எனப் பல ஆயிரம் கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பெயர் தமிழில் உள்ளது. சிலவற்றில் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்தாளர்களின் பெயர்கள் அவர்களுடைய மொழிக்குரிய மேற்குறிகளோடு இருக்கின்றன. வடிவமைப்பாளர் மேக் வைத்திருக்கிறார், மற்றவர்கள் விண்டோஸ். எல்லாம் வந்து சேர்வது அலுவலக நெட்வொர்க் சேமிப்பகத்தில். அவர் அனுப்பிய ஜிப்பை விரித்தால் தமிழ்ப் பெயர்கள் கிரேக்க எழுத்தும் « குறியுமாக மாறிவிடுகின்றன. சில கோப்புறைகள் விண்டோஸில் திறக்க மறுக்கின்றன. ஒரே கோப்புறையில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிகிறது. நீளமான தலைப்புள்ள கோப்புகள் சேமிப்பகத்தில் ஏறுவதில்லை. எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். அதுதான் வழியா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுடன் பணிபுரிபவரின் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நீங்கள் சொல்லும் நான்கு தொல்லைகளுக்கும் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் தமிழுக்கென்று சில தனிக் கூறுகள் உண்டு என்றாலும், பெயர் தமிழில் இருப்பதே பிழை என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆங்கில எழுத்துக்கு மாற்றினால், சிதைந்து தெரியும் பெயர்களிலிருந்து மூலப் பெயரை மீட்பதற்கு இப்போது உங்கள் கையில் இருக்கும் தடயமும் போய்விடும். ஆகவே முதலில் நோய் என்ன என்று பார்த்துவிட்டு, மாற்றுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கணினிக்குக் கோப்புப் பெயர் என்பது எண்களின் வரிசை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் தரத்தில் 'க' என்ற எழுத்துக்கு ஒரு குறியெண் இருக்கிறது. அந்தக் குறியெண்ணை வட்டில் எழுதுவதற்கு, உங்களுடையது போன்ற சேமிப்பகங்களின் உள்ளே ஓடும் லினக்ஸ் வழக்கமாக யூடிஎஃப்-8 முறையைப் பயன்படுத்தி 3 பைட் செலவிடுகிறது, விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைமையான என்டிஎஃப்எஸ் யூடிஎஃப்-16 முறையில் 2 பைட் செலவிடுகிறது. இரண்டிலும் தமிழ் முழுமையாக இடம்பெறும். என்டிஎஃப்எஸ் 1993ஆம் ஆண்டு விண்டோஸ் என்டியுடன் வந்த நாளிலிருந்தே கோப்புப் பெயர்களை யூனிகோடில்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது என்றால், பெயர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது, அதை ஏந்திச் செல்லும் ஜிப்போ, பழைய மென்பொருளோ, நெட்வொர்க் இணைப்போ அந்த எண்களை வேறு அட்டவணையை வைத்துப் படிக்கும்போது வருகிறது.

உங்கள் ஜிப் சிதைவு இதற்கு நல்ல உதாரணம். ஜிப் வடிவம் பிறந்த காலத்தில் பெயர்களுக்கான எழுத்து அட்டவணை, பழைய டாஸ் இயங்குதளத்தின் 437ஆம் குறிமுறைப் பக்கம்தான். பெயர் யூடிஎஃப்-8இல் எழுதப்பட்டிருக்கிறது என்று அறிவிக்கும் ஒரு கொடி 2006இல் ஜிப்பின் விதிமுறையில் சேர்க்கப்பட்டது. ஆனால் மேக்கில் உள்ளமைந்த சுருக்கும் கருவி பெயரை யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டு அந்தக் கொடியை மட்டும் உயர்த்தாமல் விட்டுவிடும் பழக்கம் உடையது. கொடி இல்லாத ஜிப்பை விண்டோஸ் பழைய அட்டவணையில் படிக்கிறது. தமிழ் எழுத்துகளின் யூடிஎஃப்-8 வடிவம் எல்லாமே ஒரே முதல் பைட்டோடு தொடங்குபவை. அந்த பைட்டுக்கு 437ஆம் பக்கத்தில் இருக்கும் எழுத்து கிரேக்க ஆல்ஃபா. இரண்டாம் பைட்டுக்கு இரண்டே மதிப்புகள்தான் வரும். அவை அந்த அட்டவணையில் « என்றும் » என்றும் தெரியும். ஆகவே ஆல்ஃபாவும் இந்தக் கோண மேற்கோள்குறிகளும் மாறி மாறி வந்தால், அது 437இல் தவறாகப் படிக்கப்பட்ட தமிழ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இதே பெயர் வேறு ஓரிடத்தில் வேறுவிதமாகச் சிதைந்திருக்கவும் கூடும். தலைமேல் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் அதை அடுத்து ® அல்லது ¯ குறியும் திரும்பத் திரும்ப வருமானால், அது விண்டோஸின் 1252ஆம் பக்கத்தில் படிக்கப்பட்ட தமிழ். இந்த இரண்டு சிதைவுகளையும் பிரித்தறிவதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. 437ஆம் பக்கத்தில் மேல்பாதியின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஆகவே அந்தச் சிதைவைத் தலைகீழாக ஓட்டி மூலப் பெயரை ஒரு புள்ளி குறையாமல் மீட்கலாம். 1252இல் ஐந்து இடங்கள் ஒதுக்கப்படாமல் இருக்கின்றன. நம் மெய்யெழுத்துகளின் மேல் வரும் புள்ளியின் மூன்றாம் பைட் சரியாக அந்த ஓட்டைகளில் ஒன்றில் போய் விழுகிறது. இடையில் வந்த ஏதாவது ஒரு மென்பொருள் அந்த பைட்டைத் துடைத்துப் போட்டிருந்தால், மீட்ட பெயரில் ஒரு புள்ளிகூட இருக்காது. தமிழில் புள்ளி இல்லாத வரியைப் படித்துப் புள்ளி வைப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று பதிப்பகத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வழக்கில் மீட்பு வேலையே தேவைப்படாது என்று நினைக்கிறேன். மூல ஜிப் உங்களிடம் இருக்கிறதல்லவா? விரித்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே ஜிப்பை 7-ஜிப் என்ற மென்பொருளின் கட்டளை வரியில், குறிமுறைப் பக்கம் 65001 என்று குறிப்பிட்டு மறுபடி விரியுங்கள். 65001 என்பது விண்டோஸ் யூடிஎஃப்-8க்குக் கொடுத்திருக்கும் எண். பெயர்கள் சரியாக வரும். இனிமேல் ஜிப் உருவாக்கும்போது கொடியைச் சரியாக உயர்த்தும் கருவி ஒன்றைப் பயன்படுத்தும்படி வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட்டால், தொல்லை அங்கேயே நின்றுவிடும்.

மீட்க முடியாத சிதைவு ஒன்றும் உண்டு. பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் தன் அட்டவணையில் இல்லாத எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறியை நிரப்பியிருக்கிறது. மூல எண்கள் அந்தப் படியில் அழிந்துவிட்டன. யூனிகோட் அறியாத பழைய விண்டோஸ் மென்பொருள்களில் இது தமிழுக்கு மற்ற மொழிகளைவிட அதிகமாக நேரும். ஜப்பானியத்துக்கு 932, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252 என்று விண்டோஸில் பழைய குறிமுறைப் பக்கங்கள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்றும் இருந்ததில்லை, தமிழ் அங்கே நுழைந்ததே யூனிகோட் வழியாகத்தான். ஆகவே கணினியின் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் அத்தகைய மென்பொருள்களுக்குக் கண் திறக்காது. அவை கேட்கும் பெயரில் இருக்கும் கேள்விக்குறி, விண்டோஸ் கோப்புப் பெயரில் இடம்பெறவே முடியாத குறி. கோப்பு எதிரே இருந்தும் 'கோப்பு இல்லை' என்ற பதில் வருவது அதனால்தான். அந்த மென்பொருளை மாற்றுவதே நேரான தீர்வு. மாற்ற முடியாத நிலையில், அது கையாளும் கோப்புகளுக்கு மட்டும் எண்களாலும் ஆங்கில எழுத்துகளாலும் ஆன பெயர் வைப்பதில் தவறில்லை.

இனி, திறக்க மறுக்கும் கோப்புறைகளைப் பார்ப்போம். விண்டோஸ் பெயர்களில் ஒன்பது குறிகளுக்கு இடமில்லை: < > : " / \ | ? * ஆகியவை. லினக்ஸ் தடுப்பது சாய்கோட்டையும் சுழி மதிப்புள்ள பைட்டையும் மட்டுமே. மேக்கின் ஃபைண்டர் முக்காற்புள்ளியை மட்டும் தடுத்துவிட்டுக் கேள்விக்குறியையும் மேற்கோள்குறியையும் தாராளமாக அனுமதிக்கும். 'பொறுப்பு யாருக்கு?' என்று தலைப்பிட்ட கட்டுரையை வடிவமைப்பாளர் அதே பெயரில் சேமித்தால், அவருடைய கணினியில் எந்தக் குறையும் தெரியாது. அது நெட்வொர்க் வழியாக விண்டோஸுக்கு வரும்போது இரண்டில் ஒன்று நடக்கும். சேமிப்பகத்தின் மென்பொருள் தடைசெய்யப்பட்ட குறியை யூனிகோடில் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாத தனிப்பயன் பகுதியில் உள்ள ஏதோ ஒரு குறியெண்ணாக மாற்றி வைத்திருந்தால், நீங்கள் அந்த இடத்தில் ஒரு சிறு கட்டத்தையோ புள்ளியையோ பார்ப்பீர்கள். மாற்றாமல் வைத்திருந்தால், சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அலைக்கோடும் ஓர் எண்ணும் சேர்ந்த, யாரும் வைக்காத குறும்பெயர் ஒன்று தெரியும். இரண்டு நிலையிலும் உள்ளடக்கத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பெயரை மேக்கிலிருந்தோ சேமிப்பகத்தின் சொந்த நிர்வாகப் பக்கத்திலிருந்தோ மாற்றினால் போதும்.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் திறக்காத கோப்புறை என்றால், பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் பெயரின் இறுதியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் தானாகவே வெட்டிவிட்டுத்தான் தேடும். 'எம்.ஏ.' என்று ஒரு கோப்புறை மேக்கில் உருவாக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் அதைத் திறக்கப் போகும்போது 'எம்.ஏ' என்ற கோப்புறையைத் தேடுகிறது. அப்படி ஒன்று இல்லை என்று திரும்பி வருகிறது. தமிழில் சுருக்கப் பெயர்களைப் புள்ளியோடு முடிக்கும் வழக்கம் இருப்பதால் இது நம்மிடம் அடிக்கடி நேர்கிறது. இடைவெளி இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. விண்டோஸிலிருந்தே மாற்றியாக வேண்டும் என்றால், முழுப் பாதையின் முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்த்துக் கட்டளை வரியில் கொடுத்தால், வெட்டாமல் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது தொல்லையான இரட்டைப் பெயர்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் சுவையாக இருந்தது. யூனிகோடில் ஒரு சில தமிழ் எழுத்துகளை இரண்டு முறையில் எழுதலாம். ஒகர உயிர்மெய்க்குரிய 'ொ' என்ற குறிக்குத் தனியாக ஒரு குறியெண் உண்டு. அதையே ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். 'ோ', 'ௌ', 'ஔ' ஆகியவற்றுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டு. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. 'கொள்முதல்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது ஐந்து எழுத்து. சேர்ந்த வடிவில் ஒன்பது குறியெண்கள், யூடிஎஃப்-8இல் 27 பைட். பிரிந்த வடிவில் பத்துக் குறியெண்கள், 30 பைட். பைட்டுக்கு பைட் ஒப்பிட்டுப் பார்க்கும் லினக்ஸுக்கு இவை இரண்டும் அண்ணன் தம்பிகூட அல்ல, முற்றிலும் வேறு பெயர்கள். விண்டோஸும் அப்படியே கருதுகிறது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், எந்த வடிவில் பெயர் கொடுத்தாலும் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். 2017இல் பரவலாக வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கும். ஆனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகவே கருதும். ஆகவே மேக் பயன்படுத்துபவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. அங்கிருந்து பிரிந்த வடிவில் ஒரு கோப்பு சேமிப்பகத்துக்கு வந்த பிறகு, அதே பெயரில் நீங்கள் விண்டோஸில் தட்டச்சு செய்து இன்னொன்றைச் சேமித்தால், பழையது மேலெழுதப்படாமல் பக்கத்தில் புதியது உட்கார்ந்துகொள்கிறது. இதில் பெயர்க் குழப்பத்தைவிட ஆபத்து வேறொன்று இருக்கிறது: உங்களில் ஒருவர் ஒரு பிரதியையும் இன்னொருவர் மற்றதையும் வாரக்கணக்கில் திருத்திக்கொண்டிருக்கலாம். ஆகவே இரட்டைகளைக் கண்டால் ஒன்றை உடனே அழிக்காதீர்கள். இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) எடுத்துப் பார்த்து, ஒன்றாக இருந்தால் மட்டும் பிரிந்த வடிவில் இருப்பதை நீக்குங்கள். வேறாக இருந்தால் அது பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டியது, கணினிக்காரர் அல்ல.

உங்கள் பிரெஞ்சு, ஜெர்மன் பெயர்களுக்கும் இதே கதைதான். தலையில் இரட்டைப் புள்ளி உள்ள 'யூ' என்ற ஜெர்மன் எழுத்தை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், வெறும் 'யூ'வையும் மேலே ஒட்டும் இரட்டைப் புள்ளியையும் இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். அந்த மேற்குறிகளை அகற்ற வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்தாளரின் பெயரைச் சரியாக எழுதுவது பதிப்பகத்தின் கடமை, இன்றைய மூன்று இயங்குதளங்களும் அவற்றைத் தாங்கும். ஆங்கில எழுத்துகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. லினக்ஸில் அவை இரு வேறு கோப்புகளாக இருக்கலாம், விண்டோஸிலும் வழக்கமான மேக்கிலும் ஒன்றாகிவிடும். தமிழுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

எல்லா இரட்டைகளையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் யூனிகோட் ஒன்றென ஏற்காத இரட்டைகளும் தமிழில் இருக்கின்றன. 'ஸ்ரீ' என்ற எழுத்தை 'ஸ'கரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ'கரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும், எந்த வடிவ மாற்றுக் கருவியும் அவற்றை இணைக்காது. 'ஔ' என்பதற்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டுவது, 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் '௭' வந்து உட்காருவது, காலுக்குப் பதில் 'ர' என்று அடிப்பது ஆகியவை தட்டச்சுப் பிழைகள். தேடும்போது கிடைக்காத கோப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ தலைப்பை நகலெடுத்துப் பெயராக ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத இணைப்பான் குறிகளும் வரி உடையாத இடைவெளியும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அதனால் நீளமான தலைப்பாக இருந்தாலும் கையால் தட்டச்சு செய்யுங்கள். எழுத்தின் திசையைத் திருப்பும் ஒரு மறைகுறியும் யூனிகோடில் இருக்கிறது. அதைப் பெயருக்குள் நுழைத்து, இயங்கும் நிரலைப் படக் கோப்புபோலக் காட்டும் மோசடி பழையது. மின்னஞ்சலில் வந்த இணைப்பின் பெயர் விசித்திரமாக முடிந்தால் திறக்க வேண்டாம்.

நீளத்தைப் பற்றிய உங்கள் நான்காவது தொல்லை வெறும் கணக்கு. என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகுகள் வரை இடமுண்டு. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஓர் அலகு. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளிலும் எல்லை 255தான், ஆனால் அங்கே எண்ணப்படுவது பைட். தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 85 குறியெண்களோடு இடம் தீர்ந்துவிடும். நாம் எழுத்து என்று எண்ணுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு குறியெண்களின் சேர்க்கை. 'ஸ்ரீ' ஒன்றே நான்கு குறியெண், 12 பைட். ஆகவே விண்டோஸில் அமைதியாக இருக்கும் 60 எழுத்துத் தலைப்பு, உள்ளே லினக்ஸ் ஓடும் சேமிப்பகத்தில் ஏற மறுப்பதில் வியப்பில்லை. மறையாக்கம் செய்த பகிர்வுக் கோப்புறை என்றால் சில சேமிப்பகங்களில் எல்லை 143 பைட்டாகக் குறைந்துவிடும், அதாவது 47 குறியெண்கள். இதற்கு மேல், விண்டோஸில் டிரைவ் எழுத்து முதல் கோப்பு வகை வரை முழுப் பாதைக்கும் சேர்த்து 260 என்ற பழைய வரம்பு ஒன்று பல மென்பொருள்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து அதைத் தளர்த்தும் அமைப்பு இருந்தாலும், மென்பொருளும் அதற்கு ஒத்துழைத்தால்தான் பயன். கோப்புறைக்குள் கோப்புறையாக ஆழம் போவதைத் தவிருங்கள்.

இப்போது உங்கள் மையக் கேள்விக்கு வருகிறேன். ஆங்கில எழுத்துக்கு மாற்றலாமா? அப்படி மாற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. எல்லா முறைமைகளிலும் ஐயமின்றிச் செல்லக்கூடியவை என்று இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் வகுத்த குறிகள் 65: ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள், பத்து எண்கள், புள்ளி, அடிக்கோடு, சிறுகோடு. அந்த 65க்குள் தமிழை அடைக்கும்போது பல்லியும் பள்ளியும் ஒன்றாகிவிடும். ஒருவர் நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பார், இன்னொருவர் மாட்டார். மூன்றே மாதத்தில் உங்கள் தேடல் பெட்டி உதவாததாகிவிடும். இன்று சரியாக இயங்கும் ஆயிரக்கணக்கான பெயர்களைக் கெடுத்து, சிக்கலான சில நூறைச் சரிசெய்வது வீண்வேலை.

ஒரே ஒரு விதிவிலக்கு, இணையத்தில் ஏற்றும் பிரதிகள். இணைய முகவரியில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று சதவீதக் குறிகளும் ஆறு எழுத்தெண்களுமாக ஒன்பது இடம் பிடிக்கிறது; 'கொள்முதல்' என்ற ஒரு சொல் 81 குறிகளாக நீளும். அதை மின்னஞ்சலில் ஒட்டினால் பாதியில் உடையும். அங்கே மட்டும் எண்ணும் சிறிய ஆங்கில எழுத்தும் சிறுகோடும் கொண்ட பெயர் போதும், மூலக் கோப்பின் பெயரைத் தொட வேண்டாம்.

மற்ற கோப்புகளுக்கு நான் சொல்வது, பெயரின் தொடக்கத்தில் மாறாத ஓர் அடையாள எண், அதை அடுத்து ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி, பிறகு நான்கைந்து சொல்லுக்கு மேற்படாத தமிழ்ப் பெயர். '0412_2019-06-03_ஆண்டுக்கூட்ட உரை' என்பதுபோல. முன்னால் எண் வருவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: யூனிகோடில் ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால், றகரமும் னகரமும் தத்தம் இனத்தின் அருகில் அடுக்கப்பட்டிருக்கின்றன, குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் தரும் பட்டியல் நம் அகரவரிசையாக இராது. எண் இருந்தால் அந்தக் குழப்பத்துக்கு வேலையில்லை. நேரத்தைக் குறிக்க வேண்டுமானால் 10:30 என்று எழுதாமல் 1030 என்றே எழுதிவிடுங்கள். பெயரைச் சிறுகோட்டில் தொடங்காதீர்கள். கட்டளை வரிக் கருவிகள் அதைக் கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். கேள்விக்குறியும் மேற்கோளும் துணைத்தலைப்பும் உள்ள முழுத் தலைப்பு, அடையாள எண்ணோடு சேர்த்து ஒரு அட்டவணையில் இருக்கட்டும். தலைப்பை முழுமையாகக் காப்பது அட்டவணையின் வேலை. கோப்புப் பெயர் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றும் வேலைக்கு முன் முழு நகல் ஒன்றை எடுத்து, அதை வேறு வட்டில் வைத்து, அந்த வட்டைக் கழற்றிவிடுங்கள். பழைய பெயர், புதிய பெயர், சரிபார்ப்புக் கூட்டுத்தொகை என்று மூன்று பத்திகள் கொண்ட பதிவேடு ஒன்றும் வேண்டும். மாற்றம் தவறாகப் போனால் திரும்பி வருவதற்கு வேறு வழி கிடையாது. பிரிந்த வடிவங்களைச் சேர்ப்பதற்கு லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சிறு கருவி இருக்கிறது. அது முதலில் என்ன செய்யப்போகிறது என்று பட்டியலிட்டுக் காட்டுமே தவிர, நாம் வெளிப்படையாக ஆணையிடும் வரை எதையும் மாற்றாது, ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அதை மேலெழுதவும் செய்யாது. இந்தத் தயக்கத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். சேமிப்பகத்தின் நிர்வாகி அதை அங்கேயே ஓட்டுவது நல்லது. விண்டோஸில் பெயர்களிலுள்ள குறிகளைத் தொகுப்பாக மாற்றுவதற்குப் பவர்டாய்ஸ் தொகுப்பின் பவர்ரீநேம் போதும், அதுவும் முன்னோட்டம் காட்டும். முதலில் ஒரு கோப்புறையில் மட்டும் செய்து, மேக்கிலும் விண்டோஸிலும் திறந்து பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போங்கள்.

பக்க வடிவமைப்புக் கோப்புகளில் இணைக்கப்பட்ட படங்களை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். வடிவமைப்புக் கோப்பு படத்தை அதன் பெயராலும் பாதையாலும்தான் தேடுகிறது. பெயர் மாறினால் அச்சுக்குப் போகும் பக்கத்தில் இணைப்பு அறுந்துவிடும். அவற்றை வடிவமைப்பாளரே, ஒவ்வொரு நூலாக, அந்த மென்பொருளுக்குள்ளிருந்து மாற்றட்டும். மென்பொருள் எழுதுபவர் யாராவது உங்களுக்கு உதவினால், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவி தமிழ்ப் பெயரில் உள்ள 'க'வை \340\256\225 என்று காட்டுவதைப் பார்த்து அவர் திடுக்கிடக்கூடும். அது சிதைவு அல்ல, மூன்று பைட்டையும் எட்டடிமான எண்ணில் காட்டும் அதன் வழக்கமான அமைப்பு, அணைத்துவிடலாம்.

மிகப் பழைய கோப்புகளில், பாமினி போன்ற எழுத்துரு விசைப்பலகையில் தட்டச்சு செய்த பெயர்களும் இருக்கலாம். ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கூட்டமாகத் தெரியும் அவை சிதைந்தவை அல்ல. எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டால் தமிழாகிவிடும்.

கடைசியாக, முழுத் தலைப்புகளை வைக்கும் அந்த அட்டவணையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக, யூடிஎஃப்-8இல் அதைச் சேமியுங்கள், ஆனால் கோப்பின் தொடக்கத்தில், குறிமுறையை அடையாளம் காட்டும் பைட் வரிசைக் குறி (BOM) இருக்கும்படி சேமியுங்கள். அது இல்லாத கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கால் திறந்தால், எக்செல் அதைப் பெரும்பாலும் பழைய குறிமுறைப் பக்கத்தில் படித்து, நான் மேலே சொன்ன மேற்குறி போட்ட 'ஏ'யையும் ® குறியையும் பத்தி முழுக்க நிரப்பிக் காட்டும். அந்த நிலையில் யாராவது 'சேமி' என்று அழுத்திவிட்டால் சிதைவு கோப்பிலேயே பதிந்துவிடும். அப்படித் தெரிந்தால் சேமிக்காமல் மூடிவிட்டு, தரவு இறக்குமதி வழியாக, குறிமுறை 65001 என்று தேர்ந்தெடுத்துத் திறக்கும்படி அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.